சாமுவேல் அண்ணன் மறுத்த சால்வை

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் ராயபுரம் சபையின் வாலிபர் கூட்டத்தில் ஒரு விவாதம் வைத்தார்கள். கிறிஸ்தவன் இன்னொருவன்மேல் கை வைப்பது எந்த நிலையிலாவது நியாயமாகுமா என்பது தலைப்பு. நான் கடைசி வரிசையில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். போர், தடியடி, வீடு புகுந்த திருடன், பேருந்தில் பெண்ணிடம் வம்பு செய்தவன் என்று உதாரணங்கள் பறந்தன. சத்தம் உச்சத்தில் இருந்தபோது ஜெபா எழுந்தான். எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவன், பேச்சில் கெட்டிக்காரன்.

"எதுக்கு இவ்ளோ டென்ஷன்? தேவா அங்கிளைப் பாருங்க. ஹார்பர்ல அவரோட ஃபோர்மேன் அவரை அட்ச்சு எலும்ப ஒட்ச்சாரு. அட்ச்சதாலதான் அங்கிள் இன்னிக்கு உயிரோட குந்திகினு காபி குடிக்கிறாரு. அப்போ அந்த அடி நியாயம். கேஸ் க்ளோஸ்!"

கூடம் முழுக்கக் கைதட்டல். அந்த தேவா அங்கிள் நான்தான். எழுந்த வேகத்தில் காபி சட்டையில் கொட்டியது.

"கேஸ் க்ளோஸ் ஆவல ஜெபா! அட்ச்சவரே அத்த நியாயம்னு ஒத்துக்கல!"

அதற்குள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள், கூடத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. திருவொற்றியூருக்குத் திரும்பும்போது மெட்ரோவில் இடம் இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை. சொல்ல வேண்டியது நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நின்றது. அந்த வேகம் குறைவதற்குள் ஜெபாவுக்காக எழுதுகிறேன்.

ஒரு முன்குறிப்பு. எனக்கு எதையும் நாள் குறித்துச் சொன்னால்தான் நிம்மதி. ஆனால் கப்பலும் தேதியும் சேர்ந்தால் ஆட்களை அடையாளம் காட்டிவிடும். ஆகவே இங்கே திருச்சபை நாட்காட்டியின்படி மட்டும் சொல்கிறேன். நடந்தது தவக்காலத்தின் நான்காம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை.

துறைமுகத்தில் சரக்கு கன்டெய்னருக்குள் ஒளிந்துகொள்ளாமல் மூட்டையாகவும் இரும்பாகவும் மரமாகவும் கண்ணெதிரே இறங்கிய காலம் அது. நான் ஒரு சரக்கேற்று நிறுவனத்தில் சிக்னல்மேன். கப்பலின் சரக்கறை வாய் ஓரமாக நின்று, கீழே வேலை செய்பவர்களையும் மேலே கிரேன் ஓட்டுபவரையும் கையசைவால் இணைப்பது என் வேலை. சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் இறக்கு. முஷ்டியை மடக்கினால் நில். என் வலது கையை நம்பித்தான் கீழே ஆட்கள் நின்றார்கள். வேலை பழகிய வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயில், திட்டு, மறுபடியும் வெயில். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு சாமுவேல் அண்ணனின் கேங்குக்கு மாற்றினார்கள், திட்டு நின்றது.

அண்ணன் எங்கள் ஃபோர்மேன். சபையிலும் எனக்கு மூத்தவர். மூன்றாவது வரிசை, தூண் ஓரம் அவர் இடம். குரல் உயர்த்தியதை யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார். துடைக்கும் நேரம் நீண்டால் கோபம் பெரிது என்று அர்த்தம். தினமும் வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிற்கவைத்து ஒன்றைச் சொல்வார்: "கை சரக்கு மேல படணும். ஆள் மேல படக்கூடாது." பக்கத்து கேங்குகளில் மேஸ்திரிகள் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது சாதாரணம். எங்களிடம் அது கிடையாது. எங்களைக் கேலி செய்வார்கள்: "டேய், பாதர் கேங்கு வருதுடா, ஜெபம் பண்ணிகினு மூட்ட தூக்குவானுங்க!"

அந்தச் செவ்வாய் வந்தது மரக்கட்டைக் கப்பல். அதைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பச்சைக் கட்டைகள் மூடிய சரக்கறைக்குள் வாரக்கணக்கில் கிடந்தால் அங்குள்ள உயிர்க்காற்றைத் தின்றுவிடும். புகையோ நாற்றமோ இருக்காது, மூக்குக்கு இதமாக மரவாசனை வரும். இறங்குகிறவன் இரண்டு மூச்சில் சாய்வான். அவனைத் தூக்க இறங்குகிறவன் அவன்மேலேயே சாய்வான். மூன்றாமவன் இரண்டு பேரைத் தூக்க இறங்குவான். துறைமுகத்தில் இப்படிப் போனவர்கள் எல்லாரும் நல்லவர்கள். நண்பனுக்காக ஓடத் தெரியாதவன் அங்கே சாவதில்லை.

ஆகவே அண்ணனிடம் ஒரு முறை இருந்தது. பெரிய மூடிகளைத் திறந்து காற்று புக விடுவார். பிறகு சுரங்கத்தில் பயன்படுத்தும் வலைபோட்ட எண்ணெய் விளக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்குவார். குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல இறக்குவார். சுடர் நேராக எரிந்தால் ஆள் இறங்கலாம். குறுகினால் காத்திருக்க வேண்டும். அணைந்தால் எல்லாரும் தளத்திலிருந்து விலகி உட்கார வேண்டும். இப்போது பையில் வைக்கும் மீட்டர் வந்துவிட்டது, கத்திக் கூச்சல் போடுகிறது. அன்று எங்கள் உயிர் அந்தச் சுடர் ஆடுவதில் இருந்தது.

அன்று பெரிய வாய் வழியாக இறக்கிய விளக்கு அழகாக எரிந்தது. அண்ணன் தலையசைத்தார். ஆனால் சரக்கறைக்கு இன்னொரு வழியும் உண்டு. தளத்தின் ஓரத்தில் ஆள் மட்டும் நுழையும் ஒரு சின்ன மூடி. அதன் கீழே நான்கு பக்கமும் இரும்புத் தகட்டால் அடைத்த ஏணிக்கூண்டு. பெரிய வாயில் காற்று நல்லதாக இருந்தாலும் இந்தக் கூண்டுக்குள் பழைய காற்று அப்படியே நிற்கும். "அங்கயும் வெளக்கு எறக்கிட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் திரிக்கு எண்ணெய் விடக் குனிந்தார்.

முனுசாமிக்குப் பொறுக்கவில்லை. காசிமேட்டுக்காரன், கடலோரக் குப்பத்தில் பிறந்தவன், என் உயிர்த் தோழன். முன்பக்கத்துச் சரக்கறையில் இன்னொரு கேங்கு வேலை தொடங்கத் தயாராக இருந்தது. முதல் கட்டையைக் கொக்கியில் மாட்டுவது யார் என்பதில் இரண்டு கேங்குக்கும் எப்போதும் போட்டி.

"மச்சி, அவனுங்க மூஞ்சில கரி பூசணும்டா. வெளக்குதான் ஷோக்கா எரியுதே!" என்று சொல்லிவிட்டுச் சின்ன மூடியைத் திறந்து கூண்டுக்குள் காலை விட்டான். நான் "டேய் இருடா" என்பதற்குள் தலை மறைந்தது.

ஒரு சத்தம். இரும்பில் தலை இடித்த சத்தம்.

எட்டிப் பார்த்தேன். முதல் தட்டிலேயே மடங்கிக் கிடந்தான். கைக்கு எட்டிவிடும்போல இருந்தது. அதுதான் அந்தக் கூண்டின் ஏமாற்று, எட்டிவிடும்போலவே இருக்கும். விதி எனக்குத் தெரியும். பிறருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் அந்த நொடியில் மனசில் ஓடியது விதி இல்லை, சிநேகிதனுக்காக உயிரைக் கொடுப்பதைப் பற்றி நான் வாலிபர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்தான். ஒரு காலை உள்ளே போட்டுவிட்டேன். வலது கை மூடியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"தேவா, ஏறு" என்றார் அண்ணன், பின்னாலிருந்து, அதே குரலில்.

"முனுசு கீறாண்ணே, அங்கயே கீறான்!"

சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்து அவர் கையோடு போனது. நான் இன்னொரு காலையும் போட்டேன். அப்போதுதான் அவர் கட்டைகளுக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் மரத்துண்டை எடுத்து என் வலது தோளில் இறக்கினார். தலையில் இல்லை, முதுகில் இல்லை. பிடித்திருந்த கையின் தோளில். ஒற்றைக் கையோடு எவனும் ஏணி இறங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கு வலிக்கு முன்னே கேட்டது. கை துணிபோலத் தொங்கியது. எங்கள் கேங்கின் பழனியும் இன்னொருவரும் என்னைத் தூக்கித் தளத்தில் போட்டார்கள்.

அதன்பின் அண்ணன் செய்தது எதையும் நான் மறக்க முடியாது. தளத்தில் கிடந்த காற்றுக் குழாயைக் கூண்டுக்குள் விட்டுத் திறக்கச் சொன்னார். கப்பல்காரர்களிடம் மூச்சுக் கருவி கேட்டுக் கைகாட்டினார். பெரிய வாயில் இறங்கவிருந்தவர்களை ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நிற்கச் சொன்னார்; ஓட நினைப்பவனை அடுத்தவன் பிடித்திருப்பான். முகமூடி போட்ட மாலுமி ஒருவன் இறங்கி முனுசாமியைக் கயிற்றில் கட்டினான். மேலே இழுக்கச் சிக்னல் கொடுக்க ஆளில்லை. நான் படுத்தபடியே இடது விரலை நீட்டிச் சுழற்றினேன். கிரேன்காரர் புரிந்துகொண்டார். கயிறு இறுகியது, முனுசாமி வானத்தில் வந்தான், உதடு நீலமாக.

தளத்தில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார்கள். இருமினான். கப்பல் முழுக்க ஒரு கூச்சல் எழுந்ததே, இன்னும் என் காதில் இருக்கிறது! கண்ணைத் திறந்தவன் முதலில் கேட்டது: "மொத கட்ட யாரு மாட்டுனது?"

அரசு ஆஸ்பத்திரியில் எனக்குத் தோளைச் சுற்றிக் கட்டுப் போட்டு வலது கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் ஒன்றே சொன்னேன்: "வலிக்கவே இல்ல." பக்கத்துக் கட்டிலில் முனுசாமி, "அவனுக்கு வலிக்காது, மரக்கட்ட மேல மரக்கட்ட பட்டா இன்னா வலிக்கும்?" என்றான்.

துறைமுகம் முழுக்க இதே பேச்சு. அடித்துக் காப்பாற்றிய ஃபோர்மேன்! நிறுவனம் அவருக்குச் சால்வை போர்த்தி மேடையில் கௌரவிக்க முடிவு செய்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மிக நீண்ட நேரம். "ஒருத்தன் எலும்ப ஒடைச்சதுக்குச் சால்வையாங்க? வேணாம்" என்றார். மேலாளர் அடக்கம் என்று நினைத்து இன்னும் புகழ்ந்தார்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தேன். அன்று மாலையே அண்ணன் என் வீட்டு வாசலில் நின்றார்.

"தேவா, உன்ன அடிச்சிட்டேன். என்ன மன்னிச்சிடு."

நான் சிரித்துவிட்டேன். "இன்னாண்ணே இது? உயிரக் குடுத்திருக்கீங்க. மன்னிக்க இன்னா கீது? வலிக்கவே இல்லண்ணே."

அவர் என் அம்மாவிடமிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். தெருப்பெண்கள் வரிசையில் நின்று கிண்டல் செய்தார்கள்: "ஃபோர்மேன் சாரு கொடம் தூக்குறாரு பாருடி! எங்கூட்டுக்காரன் கையயும் ஒட்ச்சி வுடு சாரு, புண்ணியமாப் போவும்!" அண்ணன் தலைகுனிந்து தண்ணீர் பிடிப்பார். போகும்முன் ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. நானும் அதே பதில்.

பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. குருத்தோலை ஞாயிறன்று நற்கருணைக்கு முன்னால் அண்ணன் எழுந்து வெளியே போனார். பெரிய வியாழனும் போனார். ஈஸ்டர் அன்று, பாட்டு கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து எல்லாரும் பார்க்க நடந்து போனார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா என்னை வாசலில் மறித்தார்.

"டேய், அந்த மனுசன் கல்யாணமானதுல இருந்து ஒரு ஈஸ்டர் பந்தி தவறவிட்டதில்லடா. சகோதரனுக்கு உன்மேல கொற இருந்தா காணிக்கைய வச்சிட்டுப் போய் முதல்ல ஒப்புரவாகுன்னு ஆண்டவர் சொல்லியிருக்காருன்னு குந்திகினு கீது. ஒரு வார்த்த சொன்னா உனுக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"எனக்குக் கொறயே இல்லக்கா! இல்லாதத எப்படி மன்னிக்கிறது?"

நான் படித்த திமிரும் இதில் சேர்ந்திருந்தது. படுத்திருந்த நாட்களில் சபை நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்துவந்து ஒற்றைக் கையால் புரட்டியிருந்தேன். கிறிஸ்தவன் எப்போதும் கை ஓங்கவே கூடாது என்றவர்களும் உண்டு, சில நிபந்தனைகளோடு ஓங்கலாம் என்றவர்களும் உண்டு. இரண்டாவது கட்சியாரின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். காரணம் நேர்மையானதா? ஆம். எண்ணம் நல்லதா? ஆம். வேறு வழி இருந்ததா? சட்டையை இழுத்துப் பார்த்துவிட்டார், இல்லை. தேவைக்கு மேல் போனாரா? ஒரே ஒரு அடி! அத்தனையும் தேறிவிட்டது. ஈஸ்டர் மாலை அண்ணன் குடத்தோடு வந்தபோது, வழக்கில் ஜெயித்த வக்கீல்போல அவரிடம் இதைக் கொட்டினேன்.

அவர் குடத்தை இறக்கி வைத்தார். "தோட்டத்துல ஆண்டவரைப் பிடிக்க வந்தப்போ பேதுரு ஒருத்தன் காத வெட்டினான் இல்ல? எண்ணம் கெட்டதா? இல்ல. காரணம் சின்னதா? இல்ல. ஆண்டவர் இன்னா பண்ணாரு?"

"காத தொட்டு சொகமாக்கினாரு."

"அதான். சபாஷ்னு சொல்லல. காத ஒட்ட வச்சாரு."

"அப்போ நீங்க அட்ச்சிருக்கக் கூடாதுன்றீங்களா? நான் செத்திருக்கணுமா?"

"இல்லடா."

"மறுபடியும் அதே மாதிரி நடந்தா?"

"மறுபடியும் அடிப்பேன்" என்றார் தயங்காமல். "மறுபடியும் வந்து நிப்பேன்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இது என்ன கணக்கு? செய்யத்தான் வேண்டும், ஆனால் செய்ததற்கு மன்னிப்பும் வேண்டுமாம்! அவர் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரத்தின் நடுவில், கணக்கு வழக்குக்காக நானும் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். கை இன்னும் தூளியில்தான். எங்கள் கேங்கு இரும்புச் சுருள் இறக்கிக்கொண்டிருந்தது. பழனி, கேங்கிலேயே வயதில் மூத்தவர், தலைக்கவசத்தைக் கழற்றி வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கீழே மேஸ்திரியாக இருந்த கஜா பின்னாலிருந்து வந்து அவர் கன்னத்தில் அறைந்தான். பளீர் என்று.

"ஹெல்மெட்டப் போடுய்யா! செத்தா யாரு பதில் சொல்றது?"

ஆட்கள் சிரித்தார்கள். பழனியின் மகன் வயதுதான் கஜாவுக்கு. பழனி கவசத்தை மாட்டிக்கொண்டார். அண்ணன் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"கஜா! நம்ம கேங்குல கை ஆள் மேல படக்கூடாது!"

கஜா ஆச்சரியப்பட்டான். அதில் திமிர் இல்லை, நிஜமான ஆச்சரியம். "இன்னாண்ணே நீங்களே இப்டி சொல்றீங்க? நல்லதுக்குத்தானே அட்ச்சேன். நீங்க தேவாவ அட்ச்சா சால்வ, நான் அட்ச்சா தப்பா? தோ, தேவாவையே கேளுங்க. அவனே சொல்வான், வலிக்கவே இல்லன்னு!"

எல்லார் கண்ணும் என்மேல் திரும்பியது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, ஜெபா! புத்தகத்தில் கிடைக்காதது இரும்புச் சுருளுக்கு நடுவில் கிடைத்தது. பழனியின் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. அந்த அறையும் என் நிபந்தனைகளில் பாதியைத் தாண்டிவிடும்: காரணம் நேர்மை, எண்ணம் நல்லது. ஒரு அடியைச் சரி என்று மேடையேற்றினால் அது அங்கேயே நிற்காது. அடுத்தவன் கைக்கு அது அனுமதிச் சீட்டாகிவிடும். அண்ணன் என் வாசலில் தினமும் கேட்டது அந்தச் சீட்டைக் கிழிக்கச் சொல்லித்தான். நானோ சிரித்துச் சிரித்து அதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் சபையில் பண்டிகை நாட்களோடு மாதத்தின் முதல் ஞாயிறும் நற்கருணை உண்டு. அந்த வருஷம் ஈஸ்டர் மாதக் கடைசியில் வந்ததால் அடுத்த ஞாயிறே முதல் ஞாயிறு. அண்ணன் மூன்றாவது வரிசையை விட்டு, சீக்கிரம் வெளியேற வசதியாகக் கதவோரம் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சில் முனுசாமியும் இருந்தான். மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அவன் அம்மா வேண்டிக்கொண்டிருந்தாளாம். எப்போது ஏற்றுவது என்று தெரியாமல் அதைக் கையிலேயே பிடித்திருந்தான்.

நற்கருணைப் பந்திக்கு முன் எங்கள் சபையில் சமாதானம் கொடுக்கும் வழக்கம் உண்டு. வலது உள்ளங்கையை அடுத்தவரின் வலது உள்ளங்கையோடு வைத்து, இடது கையால் பொத்த வேண்டும். போதகரிடமிருந்து தொடங்கி வரிசை வரிசையாகக் கைமாறி வரும். அது எங்களை நெருங்கியதும் அண்ணன் எழுந்திருக்க முட்டியை நகர்த்தினார்.

நான் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். வலது கை தூளியில். அவரும் என்ன செய்வதென்று தெரியாமல் என் தூளியைப் பார்த்தார்.

"வலிச்சுதுண்ணே" என்றேன். "ரொம்ப வலிச்சுது. இன்னமும் வலிக்குது. மன்னிச்சிட்டேன்."

அவர் இரண்டு கைகளையும் என் ஒரு கைமேல் வைத்துப் பொத்தினார். கண்ணாடி நனைந்து மூக்கில் வழுக்கியது, துடைக்கக் கை இல்லை. எதிர் வரிசையில் ஸ்டெல்லா அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். பந்திக்கு வரிசை எழுந்தபோது அண்ணன் கதவுப் பக்கம் திரும்பவில்லை. எனக்கு முன்னால் நடந்தார்.

வெளியே வந்ததும் முனுசாமி ஏற்றாத மெழுகுவர்த்தியோடு எங்களைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாடா அநியாயம் இது? கூண்டுல வுயுந்தவன் நானு. செத்துப் பொயச்சவன் நானு. நீங்க ரெண்டு பேரும் கையப் புட்ச்சிகினு அழுவுறீங்க?"

அண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெளக்கு எறக்காம நீ ஏன்டா எறங்கின?" என்றார். பிறகு சிரித்தார், அந்தச் செவ்வாய்க்குப் பின் முதன்முறையாக, சத்தமாக.